புரூப்புக்கு எடுத்த படங்கள்

ஆமாங்க, சம்பூரணம் நான்தான். வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்பை வாசல்லயே விட்டுருங்க. இங்க தூசி ஆகாதுங்க. பிலிம்ல ஒரு பொட்டுத் தூசி ஒக்காந்தா அது பனியன்ல புள்ளியா வந்து நிக்கும். கம்பெனிக்காரன் என்னைத்தான் கேப்பான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. ஃபேன் போடறதில்லை, கோவிச்சுக்காதீங்க, அதுவும் தூசிக்குத்தான். தண்ணி குடிக்கறீங்களா?

பாண்டிச்சேரியில படத்தைப் பார்த்துட்டா வர்றீங்க? மதுரையிலிருந்தா? பஸ்லயா? அடச் சாமி. அந்த நீலக் கலர் போட்டோவுக்காக ஒருத்தர் இந்த வெயில்ல திருப்பூர் வரைக்கும் வருவாங்கன்னு யாராச்சும் சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். இப்பச் சிரிப்பு வரலைங்க. அலுப்பாத்தான் வருது. உங்களைச் சொல்லலை கண்ணு. பொதுவாச் சொல்றேன்.

படத்துக்குக் கீழ என்ற பேரு இருந்துச்சா? இருக்கும், இருக்கும். நீங்க மொத நாள் சாயங்காலம் போயிருந்தா வேற பேரைப் பார்த்திருப்பீங்க. திருமூர்த்தின்னு இருந்திருக்கும். அது என்ற ஊட்டுக்காரர். அந்தப் பேரை எடுத்துப்போட்டு என்ற பேரை வெச்சதுல இருந்துதான் இந்த ஊட்டுல பேச்சு நின்னு போச்சு. அவரு பேசறாருங்க. நான்தான் பேசறதில்லை.

அவரு மொட்டை மாடியில இருக்காரு. நல்ல வெயில் இருக்கறப்போ கூப்பிட்டா வரமாட்டாரு. சித்தெ இருங்க, நான் சொல்றேன். நியாயம் யார் பக்கம்னு நீங்களே சொல்லுங்க. இங்க கேக்கறதுக்கு எனக்கும் ஆளில்லை. மகளுக்குப் போன் போட்டா அவ அப்பன் பக்கம்தான் பேசறா.

மொதல்ல எங்க பொழப்பு என்னன்னு சொல்லீர்றேன். பனியன்ல படம் அச்சடிக்கறாங்கல்ல, புலி, மண்டையோடு, ரோசாப்பூ, என்னமோ இங்கிலீசு எழுத்து, அதுக்கு மெல்லிசாத் துணி கட்டுன ஒரு சட்டம் வேணும். ஸ்கிரீன்னு சொல்றது. அந்த ஸ்கிரீன்ல படத்தை ஏத்தறதுக்கு ஒரு பிலிம் வேணும். கண்ணாடி மாதிரித் தாளு, அதுல கறுப்பாப் படம். கறுப்பு இருக்கற எடத்துல வெளிச்சம் போகாது, கறுப்பு இல்லாத எடத்துல போகும். அவ்வளவுதான் சூத்திரம். சாதாரண ஆபீஸ்ல காகிதத்துல அடிக்கறாங்களே, அதே மை மிஷின்தான், என்ன கொஞ்சம் அகலம். காகிதத்துக்குப் பதிலா பிலிம் சுருளை மாட்டியிருப்போம்.

அவரு ஆதியில ஸ்டுடியோ வெச்சிருந்தவரு. அப்பறம் இந்த மிஷினுக்கு வந்தோம். ஆனா கேமராவை விடலைங்க. ஞாயித்துக்கிழமை விடிஞ்சா கேமராவைத் தூக்கிட்டுக் கெளம்பீருவாரு. எங்க தேரு ஓடுதோ அங்க, எங்க மாட்டுச் சந்தை கூடுதோ அங்க. தலப்பாக் கட்டுன கெழவங்க, காளை மாடு, பொழுது எறங்கற நேரத்துல ஒத்தப் பனைமரம். நல்லா இருக்குமுங்க. கண்ணாடி மாதிரி இருக்கும் ஒவ்வொண்ணும். போட்டிக்கெல்லாம் அனுப்புவாரு. பரிசு வரலைன்னா ரெண்டு நாள் சோறு எறங்காது, மூணாம் நாள் மறுபடியும் கெளம்பீருவாரு. அவரு ஆர்டிஸ்ட்டுங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் பத்தாவது. பைலைத் தொறந்து, அளவு பார்த்து, மிஷினை ஓட்டத் தெரியும். அவ்வளவுதான்.

அந்தப் படங்களை நான் எதுக்கு எடுத்தேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. அது ஒண்ணுமேயில்லைங்க. புரூப்புங்க.

பிலிம் ரெடியானா கம்பெனியில இருந்து ஆளனுப்பி வாங்கிக்குவாங்க. வாங்கிட்டுப் போனப்பறம், பிலிம் வரவே இல்லைம்பாங்க, டிசைன் மாறிப்போச்சும்பாங்க. சண்டை. அதுக்காக நான் ஒரு பழக்கம் வெச்சேன். யாரு வாங்க வர்றாங்களோ அவங்களையே இந்த ஜன்னல்கிட்ட நிறுத்தி, பிலிமை மொகத்துக்கு நேராத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, போன்ல ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பீருவேன். டிசைனும் தெரியோணும், வாங்குன ஆளும் தெரியோணும். கண்ணாடித் தாளுதானே, பின்னாடி இருக்கற மொகம் நல்லாத் தெரியும். புலி வாய்க்குள்ள ஒரு ஆளு நிப்பாரு. அப்பறம் யாரும் வாயத் தொறக்கமாட்டாங்க.

அதுல கலை என்னத்தக் கண்டாங்களோ. செக்கிங்ல இருக்கற செல்லாத்தா அக்கா மண்டையோடு டிசைனை வாங்க வந்துச்சு. "ஏஞ்சாமி, இந்தக் கருமத்தை யாரு போட்டுக்குவாங்க?"ன்னு சிரிச்சுச்சு. நான் எடுத்தப்போ அக்கா பல்லும் மண்டையோட்டுப் பல்லும் ஒண்ணாச் சிரிக்குது. ஒடிசாக்காரர் ஜெகன்னாத் இருக்காரே, அவரு எப்பவும் தூக்கக் கலக்கத்துலதான் வருவாரு. ரோசாப்பூவுக்குப் பின்னாடி நின்னுட்டே கண்ணை மூடீட்டாரு. ஸ்கிரீன் கட்டற பீர்முகம்மது பாய் எழுத்து டிசைனைத் திருப்பிப் பிடிச்சுட்டாரு, தாடி மேல எழுத்தெல்லாம் தலைகீழா ஓடுது. நான் அவசரத்துல எடுத்து அனுப்பீட்டு அடுத்த வேலையப் பார்ப்பேன். அழிக்கறதுக்குச் சோம்பல்பட்டு அப்படியே போன்ல கெடந்துச்சு.

மாசி மாசம்னு நெனைக்கறேன், ஜெனோவா வந்துச்சு. பாண்டிச்சேரிப் பொண்ணு. நல்ல பொண்ணுங்க, நான் அதைக் குத்தம் சொல்லமாட்டேன். அது பழைய காலத்து முறையில போட்டோ போடுதாம். காகிதத்துல ரெண்டு மருந்தைக் கலந்து பிரஷ்ல தடவி, இருட்டுல காய வெச்சு, அதுமேல பிலிமை வெச்சுக் கண்ணாடி போட்டு அமுக்கி வெயில்ல வெக்கறது. அப்பறம் தண்ணியில அலசுனா நீலமாப் படம் வந்து நிக்குது. வெயில் பட்ட எடமெல்லாம் நீலம், பிலிம்ல கறுப்பு மறைச்ச எடமெல்லாம் வெள்ளை. கேமராவும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். ஆனா படம் எத்தச்சோடு பெருசா வேணுமோ பிலிமும் அத்தச்சோடு வேணும். பெரிய அளவுல பிலிம் அடிக்க அங்க வசதியில்லை, திருப்பூர்ல பனியன் டிசைனுக்கு அடிக்கறாங்கன்னு யாரோ சொல்லித் தேடிட்டு வந்துச்சு.

என்ற ஊட்டுக்காரருக்கு மொகத்துல அப்படியொரு வெளிச்சம். ஸ்டுடியோவ மூடுனப்பறம் போட்டோவைப் பத்திப் பேச அவருக்கு யாரு இருந்தா? டீ வாங்கிட்டு வான்னாரு, பலகாரம் வாங்கிட்டு வான்னாரு. "அம்மிணி, நீ ஒண்ணும் கவலைப்படாத. கறுப்புன்னா எங்க கறுப்பு மாதிரி ஊருல எவனும் குடுக்க முடியாது"ன்னாரு.

அங்கதான் வந்துச்சு வெனை. எங்க தொழில்ல கறுப்புன்னா முழுக் கறுப்பு, இல்லைன்னா வெறுந்தாளு. ரெண்டுக்கும் நடுவுல எதுவும் ஆகாது. அந்தப் பொண்ணுக்கு நடுவுல இருக்கறதுதான் வேணும். கன்னத்துல இருக்கற நெழல் வேணும், சட்டை மடிப்பு வேணும். எங்க பிலிமை வெச்சு வெயில்ல போட்டா, ஒரு பக்கம் சுண்ணாம்பு, ஒரு பக்கம் மசி. மூஞ்சி எல்லாம் கோலப் பொடியில வரைஞ்ச மாதிரி.

அப்பறம் ஆரம்பிச்சுதுங்க சோதனை. வெளுத்ததுல இருந்து கறுப்பு வரைக்கும் படிக்கட்டு மாதிரிக் கட்டம் கட்டமாச் சாம்பல் அடிச்சு, மேல மாடிக்குக் கொண்டு போய் வெயில்ல வெச்சு, அலசி, எந்தப் படி தெரியுது எந்தப் படி தெரியலைன்னு பார்த்து, மறுபடியும் கீழ வந்து மையக் கூட்டிக் கொறைச்சு அடிச்சு... அவரு ஒண்ணு சொல்வாரு, அது ஒண்ணு சொல்லும், நடுவுல அடிச்சுக் குடுக்கறது நான். மாடிப்படி ஏறி எறங்கி என்ற முட்டி போச்சு. கடை வேலை ஒரு பக்கம் நிக்குது. கறுப்பு மைய மட்டும் போட்டா வெயில் ஊடால நொழைஞ்சுடுது, கூடக் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்தாத்தான் தடுக்குதுன்னு கண்டுபிடிச்சது எப்படின்னா, நான் அசதியில தப்பான பட்டனை அமுக்கினேன். அவ்வளவுதான். அதுக்கு அந்தப் பொண்ணு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. வேர்வை நாத்தம், விடு கண்ணுன்னேன்.

சோதனைக்கு ஏதாச்சும் படம் வேணுமல்லங்க. அவரு படத்தைப் போடச் சொன்னாரு. எனக்கு மனசு வரலை. எவ்வளவு அருமையான படம் அதெல்லாம், தொட்டித் தண்ணியில போட்டு நாசம் பண்றதா? சரியா வந்தப்பறம் அவருதைப் போட்டுக்கலாம், இப்போதைக்கு ஒண்ணுக்கும் ஒதவாத படம் எதையாச்சும் போடுவோம்னு என்ற போன்ல இருந்த செல்லாத்தா அக்காவைப் போட்டேன். நல்லதுக்குத்தானே பண்ணுனேன்? சொல்லுங்க.

அன்னிக்கு மாடியில மூணு பேரும் நின்னுட்டிருந்தோம். ஜெனோவா தொட்டியில இருந்து காகிதத்தைத் தூக்குச்சு. தண்ணி சொட்டுது. மஞ்சப் பச்சையெல்லாம் போய் நீலம் வந்துட்டே இருக்குது. அந்தப் பொண்ணு படத்தையே பார்க்குது. தூக்கிப் பிடிச்ச கையக் கீழ எறக்கலை. நான் படம் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுட்டேன்.

"அக்கா, இது யார் எடுத்தது?"

"நான்தான் கண்ணு. புரூப்புக்கு."

"இந்த மாதிரி இன்னும் இருக்கா?"

"போன் முழுக்க அதுதான். அழிக்கோணும்."

"ஐயோ அழிச்சுறாதீங்க"ன்னு ஒரு கத்துக் கத்துச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க.

என்ற ஊட்டுக்காரர் துண்டுல கையத் தொடைச்சுட்டிருந்தாரு. தொடைச்சுட்டே இருந்தாரு. அப்பறம் தலைவலிக்குதுன்னு கீழ போயிட்டாரு.

அதுல இருந்து அவருக்கு ஒடம்பு சரியில்லைங்க. ராத்திரி தூக்கமில்லை, சோத்தைப் பெசைஞ்சுட்டு ஒக்காந்திருப்பாரு. வெயில் தாக்கிருச்சுன்னு மோர் கரைச்சுக் குடுத்தேன். கேக்கலை. சக்கரையா இருக்கும்னு கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அந்த டாக்டர் சரியில்லைன்னு வேற டாக்டர்கிட்டப் போனேன், அங்கயும் ஒண்ணுமில்லை. ஞாயித்துக்கிழமை கேமராவை எடுக்கறதில்லை. அது ஒரு வகையில நல்லதுதானே, இந்த வேகாத வெயில்ல எதுக்கு அலையோணும்? ஆனா எரிச்சல். நான் அடிக்கற பிலிம்ல எல்லாம் குத்தம். "கோடு விழுது பாரு." எங்கீங்க விழுது? "இங்க பாரு, தலமுடி மாதிரி." ஒரு கோடும் இல்லைங்க. நான் வெச்சுப் பார்க்காத வெளிச்சமில்லை.

ஜெனோவா என்ற போனை வாங்கி ஒக்காந்து ஒண்ணொண்ணாப் பொறுக்குச்சு. பாண்டிச்சேரியில ஒரு கூடத்துல மாட்டப் போறேன்னுச்சு. நான் கேட்டேன், "சாரோட படத்தை எப்ப மாட்டுவ?" சும்மா கேக்கலைங்க, அவரு பக்கத்து ரூம்ல இருந்தாரு, அவரு காதுல விழட்டும்னுதான் சத்தமாக் கேட்டேன். அந்தப் பொண்ணு போன்ல இருந்து தலையத் தூக்காமயே, "சார் படம் ரொம்ப நல்லா இருக்குக்கா. அடுத்த தடவை பார்க்கலாம்"னுச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. உள்ள ஓடிப்போய், "கேட்டுதுங்களா? அடுத்த தடவை உங்களுதுதானாம்!"னு சொன்னேன். "ம்"னாரு. திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவ்வளவு நல்ல சேதிக்கு ஒரு ம்.

பங்குனி கடைசியில எல்லா பிலிமும் முடிஞ்சுது. அது ஊருக்குக் கொண்டு போய்ப் படமெல்லாம் போட்டுப்போட்டு, ஒரு நாள் போன் பண்ணுச்சு. படத்துக்குக் கீழ சீட்டு வெக்கோணும், உங்க பேரை எப்படி எழுதட்டும்னு. "திருமூர்த்தின்னு எழுது கண்ணு"ன்னேன்.

"அக்கா, எடுத்தது நீங்க."

"எடுத்தது நான்தான். ஆனா கடை அவருது, மிஷின் அவருது. இந்த ஜன்னலே அவரு சொவத்த ஒடைச்சு வெச்சது. நான் போனை ஒரு தட்டுத் தட்டுனேன், அது ஒரு வேலையா? அவரு படம் எடுக்கறவரு. பேரு வந்தா அவருக்குத்தான் வரோணும். எனக்குப் பேரு வந்தா நான் அதை வெச்சு என்ன பண்ணுவேன்?"

அது ஒத்துக்கவே இல்லை. தப்புக்கா, தப்புக்கான்னு சொல்லிட்டே இருந்துச்சு. அப்படின்னா படமே மாட்ட வேண்டாம், எல்லாத்தையும் திருப்பி அனுப்பீருன்னு நான் போனை வெச்சுட்டேன். மறுநாள் அழாக்கொறையா, சரிங்கக்கான்னுச்சு. அவருகிட்ட நான் மூச்சு விடலை. நேர்ல பார்த்து அசந்து போகட்டும்னு இருந்தேன். அவருக்குப் புதுச் சட்டை எடுத்தேன். வரமாட்டேன்னாரு. எனக்குத் தனியாப் போகத் தெரியாதுன்னு சொல்லி இழுத்துட்டுப் போனேன்.

நீங்கதான் அந்தக் கூடத்தைப் பார்த்தீங்களே. வெள்ளைச் சொவரு, வரிசையா நீலப் படம். நெம்பப் பேரு வந்திருந்தாங்க. நான் படத்தைப் பார்க்கலைங்க. அவரு மொகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன். மொதப் படத்துக்கிட்டப் போனாரு. ஜெகன்னாத்து, ரோசாப்பூ. ரொம்ப நேரம் நின்னாரு. அப்பறம் மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டுக் குனிஞ்சு சீட்டைப் படிச்சாரு. இப்பத் திரும்பிச் சிரிப்பாருன்னு நான் நிக்கறேன். அவரு அடுத்த படத்துக்குப் போனாரு. அதோட சீட்டையும் குனிஞ்சு படிச்சாரு. அப்படியே ஒண்ணு விடாமக் குனிஞ்சு குனிஞ்சு கடைசிச் சீட்டு வரைக்கும் படிச்சாரு. எல்லாத்துலயும் ஒரே பேருதானே, எதுக்கு அத்தனையும் படிக்கோணும்?

அதுக்குள்ள ஆளுக சூழ்ந்துட்டாங்க. கை குடுக்கறாங்க. வெள்ளைத் தாடி வெச்ச ஒரு பெரியவரு, "ஐயா, மொகத்துக்கு முன்னாடி பிலிமைப் பிடிக்கச் சொல்லணும்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"ன்னு கேக்கறாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. இதுக்குத்தானே இத்தனை வருசம் அவரு சந்தை சந்தையா அலைஞ்சாரு. அவரு திரும்பி என்னைப் பார்த்தாரு. நான் கண்ணைக் காட்டுனேன், சொல்லுங்க, ஏதாச்சும் சொல்லுங்கன்னு. ஜெனோவா பாவம், மைக்கைக் கையில வெச்சுட்டு யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியாம முழிக்குது. அவரே போய் வாங்குனாரு.

"வணக்கமுங்க. எம்பேரு திருமூர்த்தி. இங்க எல்லாச் சீட்டுலயும் எம்பேரு இருக்குது. ஆனா இதுல ஒரு படமும் நான் எடுத்ததில்லைங்க. எம் பொண்டாட்டி சம்பூரணம் எடுத்தது. அதோ, அந்தத் தூணுக்கிட்ட நிக்கறா. நானும் படம் எடுக்கறவன்தான். ரொம்ப வருசமா எடுக்கறேன். இப்படி ஒண்ணு நான் எடுத்ததில்லை. எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

அவ்வளவுதான் பேசுனாரு. மைக்கைத் திருப்பிக் குடுத்துட்டு வெளிய போயிட்டாரு.

தரை பொளந்து என்னை முழுங்கிடாதான்னு இருந்துச்சு. அத்தனை பேரு முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டாரே! ஊட்டுல கூப்பிட்டுத் திட்டியிருந்தா வாங்கிட்டிருப்பேன். எல்லாரும் கை தட்டறாங்க. எதுக்குன்னு எனக்கு வெளங்கலை. என்னை முன்னாடி இழுத்து விட்டு, அந்தத் தாடிக்காரப் பெரியவரு அதே கேள்விய என்னைக் கேக்கறாரு. "வாட்ஸப்புல அனுப்பறதுக்கு எடுத்ததுங்க, இல்லைன்னா பிலிம் வரலைன்னு சண்டைக்கு வருவாங்க"ன்னேன். கூடமே சிரிச்சுது. நல்லபடியாத்தான் சிரிச்சாங்கன்னு ஜெனோவா இன்னிக்கு வரைக்கும் சொல்லுது. இருக்கலாம். எனக்குக் காதெல்லாம் சுட்டுச்சு.

அவரு கடற்கரையில கல்லு மேல ஒக்காந்திருந்தாரு. புதுச் சட்டையில உப்புக் காத்து. நான் தள்ளி நின்னுட்டு, "இப்படிப் பண்ணீட்டீங்களே"ன்னேன்.

"ஏம்புள்ளை எம்பேரைப் போட்டே?"ன்னாரு.

"போட்டா என்ன? ரேஷன் கார்டுல இருந்து எல்லாத்துலயும் உங்க பேருதானே மொதல்ல இருக்குது."

அவரு கோவப்படலைங்க. கோவப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. மெதுவாத்தான் கேட்டாரு. "நீ எடுத்ததுக்கு எம்பேரைப் போட்டுட்டா, நான் எடுத்ததெல்லாம் என்னாச்சு புள்ளை?"

எனக்குப் புரியவே இல்லைங்க. இன்னும் புரியலை. அவரு எடுத்ததெல்லாம் பீரோவுல பத்திரமாத்தானே இருக்குது? மழைக்காலத்துல நான்தானே எடுத்துத் தொடைச்சு வெக்கறேன்? அதுக்கு என்ன ஆகும்?

பஸ்ல ஏறுனப்போ பேசறதில்லைன்னு முடிவு பண்ணீட்டேன். அன்னிக்கு நிறுத்துனதுதான். சோறு ஆனா வாட்ஸப்புல 'சாப்பாடு'ன்னு அனுப்புவேன். வந்து சாப்பிட்டுப் போவாரு. "கொழம்பு நல்லாருக்குது"ம்பாரு. நான் ஏனத்தை எடுத்துட்டுப் போயிருவேன். அவருக்கென்னமோ நோவெல்லாம் போன மாதிரி இருக்குதுங்க. நல்லாத் தூங்கறாரு. எனக்குத்தான் தூக்கம் போச்சு. கேமராவைத் தொடறதில்லை, ஆனா ஜெனோவா வெச்சுட்டுப் போன மருந்தை எடுத்துட்டு மாடிக்குப் போயிடறாரு. என்ற போன்ல இருந்த படமெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்குதுல்ல, அதை எடுத்து அவரே பிலிம் அடிச்சுக்கறாரு, அவரே வெயில்ல போடறாரு. துணிக்கொடியில என்ற சேலைக்குப் பக்கத்துல நீலமாப் படம் தொங்கும். நான் சேலைய மட்டும் உருவிட்டு வந்திருவேன். திரும்பிப் பார்க்கறதில்லை.

இங்க கடையிலயும் கெட்டுப் போச்சுங்க. படம் பாண்டிச்சேரியில மாட்டியிருக்குதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இப்ப பிலிம் வாங்க வர்றப்பவே தலை சீவிட்டு வர்றாங்க. ஜெகன்னாத் இஸ்திரி போட்ட சட்டையில வந்து கண்ணை அகலமாத் தொறந்துட்டு நிக்கறாரு. செல்லாத்தா அக்கா பூ வெச்சுட்டு வந்து வாய மூடிக்கிச்சு. பழைய மாதிரி நில்லுங்கன்னா, எந்த மாதிரின்னு கேக்கறாங்க. எனக்கும் சொல்லத் தெரியலை. போனைத் தூக்குனா எனக்கே வெளிச்சம் எங்க விழுதுன்னு பார்க்கத் தோணுது. முன்னெல்லாம் அப்படித் தோணுனதே இல்லை. இப்பெல்லாம் பிலிமை மேஜை மேல போட்டு வெறும் பிலிமை மட்டும் எடுத்து அனுப்பீர்றேன். போதும்.

நீங்க எழுதப் போறீங்களா? எழுதுங்க, உங்க இஷ்டம். ஆனா அவரு மேல குத்தம்னு எழுதீராதீங்க. நான் சொல்லலாம், நீங்க எழுதக்கூடாது.

இன்னிக்குக் காலையில என்னாச்சுன்னா, துணி காயப் போட மாடிக்குப் போனேன். கொடியில எடமில்லை, படம் ஒண்ணு கிளிப் போட்டுத் தொங்குது. நகர்த்தலாம்னு கையக் கொண்டு போனேன். யாரோ ஒரு வயசான ஆளு. கொழந்தைங்க பனியனுக்குப் போட்ட வாத்து டிசைன், வரிசையா வாத்துக் குஞ்சு நடக்குது, அதுக்குப் பின்னாடி அசந்து போன ஒரு மொகம். யாரு இந்தக் கம்பெனி ஆளு, ஞாபகமில்லையேன்னு பார்க்கறேன். அவருங்க. எப்பவோ ஒரு நாள் வாங்க ஆள் வரலைன்னு அவரே பிலிமைக் கொண்டு போகக் கெளம்புனாரு. யாரா இருந்தாலும் புரூப்பு புரூப்புதான்னு நிறுத்தி எடுத்தேன். அவரு அதுல நல்லா இல்லைன்னு, ஜெனோவா பொறுக்குனப்பவே அதை நான் தள்ளீட்டேன். அதைத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்காரு. ஓரத்துல பென்சில்ல என்ற பேரு எழுதியிருக்குது.

அவரு தொட்டிக்கிட்ட ஈரக் கையோட நிக்கறாரு. என்னைப் பார்க்கலை, படத்தைத்தான் பார்க்கறாரு.

நான் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன். வாயில வந்துருச்சு. "கண்ணு ரெண்டும் நீலம் அடைஞ்சு போய்க் கெடக்குது."

"ஆமா. பிலிம்லயே அந்த எடம் வெறுந்தாளா இருக்குது. மாத்தி மாத்தி அடிச்சுப் பார்த்தேன் புள்ளை, எனக்கு வரலை. நீ அடிச்சா வரும்"ன்னாரு.

நான் துணிய அப்படியே பக்கெட்டோட வெச்சுட்டுக் கீழ வந்துட்டேன். இது பேசுனதாக் கணக்கில்லைங்க. வேலை விசயம்.

இந்தாங்க, இதுதான் அவரு மொகம் இருக்கற பிலிமு. அடிச்சு வெச்சிருக்கேன், மை காய்ஞ்சிருச்சு. நீங்க மேலதானே போறீங்க, இப்படியே படியில ஏறிப் போனா மாடி. சித்தெ கொண்டு போய்க் குடுத்துருங்க கண்ணு. ஓரத்துல பிடிங்க, மடங்கீராம. நான் எதுக்குங்க வர்றது, எனக்குச் சோலி கெடக்குது. ஏதாச்சும் கேட்டாருன்னா, கண்ணுல மட்டும் மை ஏத்தியிருக்குது, மத்த எதையும் தொடலைன்னு சொல்லுங்க. நான் சொன்னதாச் சொல்ல வேண்டாம்.